கான்ஃபாபுலேட்டர்: கைமாறிய ஒரு சிறு மென்பொருளுடன் 14 ஆண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் நடத்தும் கடைக்கு அச்செடுக்கவும் பாரம் நிரப்பவும் வருபவர்கள் ஒரு பக்கம். எதுவும் வாங்காமல் என் மேசைத் திரையைப் பார்த்துவிட்டுப் போக வருபவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு ஏக்கரில் பால்மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். "தம்பி, இன்றைக்கு விலை என்ன நிற்கிறது?" என்று கேட்டபடியே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் வலது மூலையைத் தேடுவார்கள். அங்கே ரப்பர் விலை, கிலோவுக்கு இத்தனை சென் என்று நிற்கும். அதற்கு மேலே கடிகாரமும் தமிழில் கிழமையும். அடியில் ஈப்போவின் வானிலை.

அந்த மூலையை 2005 தொடக்கத்திலிருந்து 2019 வரை தாங்கி நின்றது கான்ஃபாபுலேட்டர் என்ற மென்பொருள். யாஹூ விட்ஜெட்ஸ் என்று சொன்னால் சிலருக்கு நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒன்றுதான். பெயர் மாறிய கதையையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த மென்பொருளைப் பற்றிய என் அனுபவத்தை முழுமையாகச் சொல்ல முடியாது.

ஆர்லோ ரோஸ், பெர்ரி கிளார்க் என்ற இருவர் 2003 பிப்ரவரியில் இதை மேக் கணினிக்காக வெளியிட்டார்கள். அவர்களது சிறு நிறுவனத்தின் பெயர் பிக்ஸோரியா. விண்டோஸ் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. ஒரு வேலை மட்டும் தெரிந்த சின்னஞ்சிறு கருவிகளைத் திரையில் ஆங்காங்கே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் விட்ஜெட் என்று பெயர். ஒன்று மணி காட்டும், ஒன்று மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும், ஒன்று குடும்பப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். எஃப்8 பொத்தானை அழுத்தினால் மற்றதெல்லாம் மங்கி, விட்ஜெட்டுகள் மட்டும் முன்னே வந்து நிற்கும். வாடிக்கையாளர் முன்னால் அந்தப் பொத்தானை அழுத்துவதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டும் மென்பொருள் அது. விலை ஏறத்தாழ 20 அமெரிக்க டாலர். 1998 செப்டம்பர் முதல் நம் வெள்ளி, அதாவது ரிங்கிட், ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டி வைக்கப்பட்டிருந்த காலம், ஆகவே கணக்குப் போடுவது எளிது: 76 வெள்ளி. பக்கத்துக்குப் பத்து சென் வாங்கி ஒளிநகல் எடுக்கும் கடைக்கு அது 760 பக்கம். என்னிடம் கடன் அட்டை இல்லை. மைத்துனரின் அட்டையில் கட்டிவிட்டுப் பணத்தை அவர் கையில் கொடுத்தேன். மென்பொருளுக்காக வாழ்க்கையில் நான் கட்டிய முதல் பணம் அது. அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

ஏனென்றால் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. விட்ஜெட்டின் உள்ளே இருந்தவை சில பிஎன்ஜி படங்கள், எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் சில. அவ்வளவுதான். நிரல் எழுதப் படிக்காதவன் நான். ஆனாலும் கடிகார விட்ஜெட்டைப் பிரித்தபோது, கிழமைக்குப் படங்கள் வைக்கலாம் என்று கண்டுகொண்டேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்துவரும் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டெழுத்து மென்பொருள் ஏற்கெனவே கடைக்கணினியில் இருந்தது. அதில் ஞாயிறு முதல் சனி வரை தட்டெழுதி, ஏழு சிறு படங்களாகச் சேமித்து, விட்ஜெட்டின் கோப்புறையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க அந்த வேலைதான். மறுநாள் காலை கடையைத் திறந்து கணினியை முடுக்கியதும் திரையில் 'திங்கள்' என்று வந்தது. என் கணினி தமிழில் என்னிடம் நாள் சொன்ன முதல் காலை அது.

விலை காட்டும் விட்ஜெட் என் அக்காள் மகன் செய்தது. அப்போது படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தான். மலேசிய ரப்பர் வாரியம் அன்றாடம் வெளியிடும் விலையை இணையத்திலிருந்து எடுத்து வந்து ஒரு சிறு சட்டத்துக்குள் காட்டும். "மாமா, அந்தப் பக்கத்தின் அமைப்பு மாறினால் இதையும் மாற்றவேண்டும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தான். மாறியபோதெல்லாம் மாற்றினோம். 2008 இறுதியில் விலை பாதிக்கும் கீழே சரிந்த வாரங்களில் அந்தச் சட்டத்தைப் பார்க்கவே பயந்தவர்கள், 2011 பிப்ரவரியில் விலை உச்சியில் ஏறியபோது ஒரே நாளில் இரண்டு முறை வந்து பார்த்தார்கள்.

வானிலையும் இங்கே வெறும் அலங்காரம் கிடையாது. விடியற்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும், அன்று பால் வெட்டு இல்லை. முன்னறிவிப்பு ஈப்போவுக்கானது, நாங்களோ வடக்கே தள்ளி மலையோரத்தில் இருக்கிறோம். ஆகையால் அது சொன்னபடி மழை வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. இருந்தாலும் முந்திய மாலை கடையடைக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் கதவோரம் நின்று, "நாளைக்கு மேகப்படமா, சூரியப்படமா?" என்று கேட்காமல் போனதில்லை.

2005 ஜூலை 21 அன்று வெள்ளியை டாலரோடு கட்டியிருந்த கட்டை அரசாங்கம் அவிழ்த்தது. கடைத்தெருவில் அதுவே பேச்சு. நான்கு நாள் கழித்து, ஜூலை 25 அன்று, பிக்ஸோரியாவை யாஹூ வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. நான் 76 வெள்ளி கொடுத்து வாங்கியது அன்றிலிருந்து எல்லோருக்கும் இலவசம். அக்காள் மகன் துள்ளினான். எனக்கு அந்த அளவு மகிழ்ச்சி வரவில்லை. பணம் போய்விட்டதே என்ற எண்ணமன்று. காரணத்தைச் சொல்ல என் தகப்பனாரிடம் போகவேண்டும்.

அவர் பால் வெட்டியவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியதையும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றதையும் பார்த்தவர். துண்டாடல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அறிவோம். "விற்கிறவனும் வாங்குகிறவனும் மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். நமக்குப் பெரட்டில்தான் சொல்லுவார்கள்" என்பார். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம். மரம் அதே மரம், நிரை அதே நிரை, வாளி அதே வாளி. பெயர்ப்பலகை மட்டும் மாறும். சில மாதம் கழித்துத்தான் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரையை இனி யார் பழுது பார்ப்பார்கள் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தாங்களே தோட்டம் வாங்கினார்கள். என் தகப்பனாரும் அதில் பங்குதாரர். ஒரு சிறு மென்பொருளைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். கூரை போன குடும்பமும் விட்ஜெட் போன கடைக்காரனும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் செய்தியைப் படித்ததும் என் மனத்தில் எழுந்தது இதே கேள்விதான்: இனி இதைப் பழுது பார்க்கப்போவது யார், எதற்காக?

விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2004 ஜூனில் ஆப்பிள் தன் டாஷ்போர்டை அறிவித்தது. 2005 ஏப்ரலில் டைகர் என்ற மேக் பதிப்போடு அது எல்லோருக்கும் சும்மாவே கிடைத்தது. பார்வைக்கும் வேலைக்கும் கான்ஃபாபுலேட்டரின் உடன்பிறப்பைப் போல இருந்தது. நகல் என்று பலரும் கொதித்தார்கள். 1984இல் வந்த முதல் மேக்கிலேயே மேசைக் கடிகாரமும் கணிப்பானும் போன்ற சிறு கருவிகள் இருந்தன என்று மறுத்தவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நியாயமோ, ஒருவர் 20 டாலருக்கு விற்பதை இயங்குதளத்தை ஆக்குபவரே சும்மா கொடுத்தால், இரண்டு மூன்று பேர் கொண்ட நிறுவனம் எத்தனை நாள் தாங்கும்? யாஹூவுக்கும் ஒரு தேவை இருந்தது. வானிலை, பங்குச்சந்தை, படங்கள் என்று தன்னிடமிருந்த தகவல்களை உலாவியைத் திறக்காமலேயே மக்களின் திரைக்குக் கொண்டுசேர்க்க ஒரு வழி வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில்தான் படங்களைப் பகிரும் தளமான ஃபிளிக்கரையும் வாங்கியிருந்தது.

நல்லதும் நடந்தது. இலவசமானதும் பயன்படுத்துவோர் பெருகினார்கள். பிறர் செய்த விட்ஜெட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. எங்கள் ஊரிலேயே மகாத்மா காந்தி கலாசாலைப் பிள்ளைகள் சிலர் அச்செடுக்க வந்தபோது என் திரையைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுக் கணினியில் நிறுவிக்கொண்டார்கள். விலை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. 2005 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் பெயர் யாஹூ விட்ஜெட் என்ஜின் ஆனது. 2007இல் வந்த நான்காம் பதிப்பில் விட்ஜெட்டுகளை வரிசையாக அடுக்கிவைக்க ஓரப்பட்டை ஒன்று கிடைத்தது. என்னைக் கேட்டால் அந்த நான்காம் பதிப்புதான் எல்லாவற்றிலும் அழகானது. என் கணினியின் 256 எம்பி நினைவகத்துக்கு ஐந்து விட்ஜெட்டுகளே சுமைதான், அதனால் நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கவனம் வேறு பக்கம் போய்விட்டது. 2008இல் இன்டெலுடன் சேர்ந்து, அதே விட்ஜெட் என்ஜினைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கொண்டுபோகும் திட்டத்தை யாஹூ அறிவித்தது. 2009இல் அத்தகைய தொலைக்காட்சிகள் கடைக்கு வந்தன. கைப்பேசியும் வளர்ந்தது. மேசைக்கணினியின் மூலையில் நிற்கும் சிறு கடிகாரத்தை யார் நினைப்பார்கள்? இதேபோன்ற சிறு கருவிகளைக் கொண்டிருந்த தன் டெஸ்க்டாப் மென்பொருளைக் கூகுள் 2011 செப்டம்பரில் நிறுத்தியது. 2012 ஏப்ரலில் யாஹூ விட்ஜெட்ஸ் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில், விண்டோஸ் விஸ்டாவோடு வந்த கேட்ஜெட்டுகள் என்ற இதேபோன்ற சிறு கருவிகளில் பாதுகாப்புக் குறை இருப்பதால் அவற்றை முடக்கிவிடும்படி மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. ஒரு வருடத்துக்குள் தெருவே காலியானதுபோல் இருந்தது.

ஆனால் என் திரை காலியாகவில்லை. அந்த நாளில் எது போனது, எது நின்றது என்பதைப் பார்த்தபோதுதான் இந்த மென்பொருளின் உண்மையான தரம் எனக்கு விளங்கியது. யாரோ ஒருவருடைய வழங்கியை (இணையத்தில் தகவல் தரும் கணினியை) நம்பியிருந்த வானிலை போனது. விட்ஜெட்டுகளைத் தேடி எடுக்கும் இடமும் போனது. என் வன்தட்டில் இருந்த கடிகாரம், தமிழ்க் கிழமை, படச்சட்டம் மூன்றும் அசையவில்லை. அக்காள் மகன் செய்த விலை விட்ஜெட்டும் நின்றது, ஏனென்றால் அது யாஹூவிடம் எதையும் கேட்டதில்லை. முதலிலேயே உள்ளே திறந்து பார்க்கும்படி, கோப்புகள் நம் தட்டிலேயே கிடக்கும்படி அந்த இருவர் கட்டியிருந்தார்கள். அதனால்தான் கைமாறி, பெயர் மாறி, கைவிடப்பட்ட பிறகும் ஏழு ஆண்டுகள் அது என் கடையில் வேலை செய்தது. 2019இல் அந்தப் பழைய கணினியே நின்றுபோனது. அதே ஆண்டில்தான் ஆப்பிளும் டாஷ்போர்டை மேக்கிலிருந்து எடுத்துவிட்டது.

புதிய கணினியில் ரெயின்மீட்டர் வைத்திருக்கிறேன். இதுவும் திரையில் சிறு கருவிகளை நிறுத்தும் மென்பொருள்தான். மூலநிரல் திறந்தது, தன்னார்வலர்கள் பேணுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம் என்பதால் ஒரே கையெழுத்தில் மூடிவிட முடியாது. பழகக் கடினம் என்பதை மறைக்கமாட்டேன். கான்ஃபாபுலேட்டரைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்ட எனக்கு இதன் அமைப்புக் கோப்புகள் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. விண்டோஸ் 11இல் விட்ஜெட் என்ற பெயரில் ஒரு பலகை வருகிறது. திறந்தால் செய்திகள் வந்து குவிகின்றன, பார்க்க வந்த ஒன்றைத் தேடவேண்டியிருக்கிறது. மேக்கில் 2023இல் விட்ஜெட்டுகளை மறுபடி மேசைத்திரையிலேயே வைக்க விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.

என்னைப்போல் ஒரே ஒரு திரையில் பலருக்குப் பயன்படும் செய்தியை நிறுத்திவைக்க நினைக்கும் கடைக்காரர்களுக்கு நான் ரெயின்மீட்டரையே சொல்வேன். நிறுவும்போதே, இணையத்தைத் துண்டித்துவிட்டு எது எது நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நின்றவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றியபோது அந்த ஏழு படங்கள் இருந்த கோப்புறை அப்படியே இருந்தது. தேதி 2005. நகலெடுத்து ரெயின்மீட்டருக்குள் போட்டேன்; ஒரு புள்ளிகூட மாற்றவேண்டியிருக்கவில்லை. இன்று காலை கடையைத் திறந்ததும் 'வியாழன்' வந்தது. முதல் ஆளாக வந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வலது மூலையைத் தேடினார்.