வாட்ஸப் குழுவா, பொது வினாத்தளமா: எழுத்து உடைந்தால் எங்கே கேட்பது?

மதுரையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி காத்திருக்காது. இரவு பத்து மணிக்கு இறந்தவரின் புகைப்படத்தோடு கடைக்கு வருகிறவர்கள், விடிவதற்குள் தெருமுனைச் சுவரில் ஒட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பார்கள். பக்க வடிவமைப்புக்கான பழைய மென்பொருளான பேஜ்மேக்கரிலிருந்து புதிய இன்டிசைனுக்கு நான் மாறிய புதிதில், அப்படியோர் இரவில், ‘இறைவனடி சேர்ந்தார்’ என்ற வரியில் ‘சே’யின் கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டது. எழுத்துருவை மாற்றினேன்; வரியை அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்; கொம்பு அசையவில்லை. கேட்பதற்கு இரண்டு இடங்கள் இருந்தன: ஒன்று, சுற்றுவட்டாரத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலைக்காரர்களின் வாட்ஸப் குழு, மற்றொன்று, எல்லோரும் படிக்கக்கூடிய வகையில் இணையத்தில் இயங்கும் பொது வினாத்தளம். இரண்டிலும் பல ஆண்டுகளாகக் கேட்டும் இருக்கிறேன், விடை சொல்லியும் இருக்கிறேன். எது எதற்கு உதவும், எதில் எப்படிக் கேட்டால் விடை வரும் என்பதை அந்த இரவிலிருந்தே தொடங்குகிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. ‘அண்ணே அவசரம், கொம்பு உடையுது’ என்று எழுதி, வரியையும் நகலெடுத்துக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் ஆறு பதில்கள் வந்தன. ஒருவர் வேறு ஃபான்ட் போடச் சொன்னார். ஒருவர் கணினியை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். ஒருவர் பேசாமல் பழைய பாமினி எழுத்துருவுக்கே திரும்பிவிடும்படி அறிவுரை சொன்னார். இருவர், ‘எனக்குச் சரியாத்தானே தெரியுது’ என்றார்கள். ஆறாமவர் மட்டும் விடை சொல்லாமல், ‘தம்பி, எந்த சாஃப்ட்வேர்? ஸ்கிரீனை அப்படியே அனுப்பு’ என்று திருப்பிக் கேட்டார். திரையைப் பார்த்த மறு நிமிடமே, பத்தி அமைப்புப் பலகையின் மூலையிலுள்ள பட்டியலைத் திறந்து ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஐந்து பேரும் அறியாதவர்கள் அல்லர். அவர்களைத் தவறவைத்தது என் கேள்விதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் முறையில் ‘சே’ என்பது கோப்புக்குள் சகரம் முதலாகவும் கொம்பு அடுத்ததாகவும் பதிவாகிறது. அதைத் திரையில் முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்குவது அந்தந்த மென்பொருளின் எழுத்தடுக்கும் பொறி செய்கிற வேலை. என் இன்டிசைனில் இலத்தீன் எழுத்துகளுக்கான அடுக்குமுறை தேர்வாகியிருந்ததால் கொம்பு பதிவான வரிசையிலேயே பின்னால் நின்றது. அதே வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டியவுடன், அவரவர் கைபேசி அதைச் சரியாக அடுக்கிக் காட்டிவிட்டது. நோயை வீட்டில் விட்டுவிட்டு நோயாளியை மட்டும் மருத்துவரிடம் கூட்டிப்போன கதைதான். பேஜ்மேக்கரில் இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை, ஏனெனில் 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்பான 7.0கூட யூனிகோட்டை அறியாதது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்தாக முன்னால் தட்டப்பட்டு, தட்டிய இடத்திலேயே நின்றது. ஆகவே மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் சொல்லாத கேள்விக்கு ஐந்து விடைகள் வருவது இயல்பு; ஐந்தும் வேறு வேறு கணினிகளுக்கான விடைகள்.

இதே கேள்வியை நான் முதலில் பொது வினாத்தளத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இரவில் ஒன்றும் ஆகியிருக்காது. சுவரொட்டி கொம்பு உடைந்தே ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் எழுத உட்காரும்போதே தலைப்பு, மென்பொருள், பதிப்பு, எதிர்பார்த்தது, நடந்தது, இதுவரை முயன்றது என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டி வந்திருக்கும். அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி நேரம் விடை நமக்கே தட்டுப்பட்டுவிடும். எத்தனையோ கேள்விகளை அனுப்பாமலேயே நான் அழித்திருக்கிறேன். வாட்ஸப் அந்த உழைப்பை நம்மிடம் கேட்பதில்லை. அது வசதிதான், ஆனால் நாம் செய்யாமல் விட்ட வேலையை ஆறு பேர் நடு இரவில் ஊகத்தால் செய்ய வேண்டியிருக்கிறது.

பொதுத்தளத்தின் பலம் முழுமையாகத் தெரிந்தது வேறொரு சிக்கலில். விசேஷ வீடுகளில் மொய் எழுதும் வேலை இப்போது நோட்டிலிருந்து கணினிக்கு மாறிவிட்டது. எங்கள் கடையில் பகுதிநேரமாக வேலை பார்த்த ஒரு கல்லூரி மாணவி, மொய்க் கணக்குக்காகப் பைத்தானில் சிறு நிரல் ஒன்றை எழுதினாள். பெயரைத் தட்டினால் அவர் இதுவரை செய்த மொய் மொத்தமும் வர வேண்டும். ஆனால் கோபால் என்ற ஒருவர் இரண்டு கோபால்களாகப் பிரிந்து, ஒருவருக்கு ஐந்நூறும் மற்றவருக்கு ஆயிரமுமாகக் காட்டிக்கொண்டிருந்தார். மொய்க் கணக்கில் இப்படி நடந்தால் அது மென்பொருள் பிழையோடு நிற்காது, சொந்தத்துக்குள் சண்டையாகிவிடும். அவள் திரையைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். இரண்டு பெயர்களும் இம்மியளவும் வேறுபடாமல் தெரிந்தன. ‘ரெண்டு தடவை என்ட்ரி போட்டிருப்பம்மா, ஒண்ண டெலிட் பண்ணு’ என்பதே ஒருமனதான தீர்ப்பு.

அவள் அதை ஏற்கவில்லை. அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து, நானூறு பெயர்கள் இருந்த பட்டியலை இரண்டே பெயர்களாகவும், நூற்றுச் சொச்சம் வரிகள் இருந்த நிரலை ஐந்து வரிகளாகவும் சுருக்கினாள். அந்த ஐந்தாவது வரி, இரண்டு பெயர்களின் நீளத்தையும் எண்ணி அச்சிட்டது: ஒன்று 6, மற்றொன்று 7. அதை உரையாகவே, படமாக அல்லாமல், 2008 முதல் இயங்கிவரும், நிரல் எழுதுகிறவர்களுக்கான பொது வினாத்தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒட்டினாள். மறுநாள் காலையில் விடை இருந்தது. ‘கோ’வின் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பழைய பாமினிக் கோப்பிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பெயர்களில் கொம்பும் கால்களும் தனித்தனியாகவே வந்திருந்தன. எல்லாப் பெயர்களையும், இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் ‘என்எஃப்சி’ என்னும் வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும். பைத்தானில் அது ஒரு வரி. உண்மையைச் சொன்னால், 6, 7 என்ற எண்களைப் பார்த்தபோதே அவளுக்குப் பாதி விளங்கியிருந்தது.

பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, ‘திரையைப் படமெடுத்துப் போடாதே, உரையாக ஒட்டு’ என்பது. பாதி சரி. மொய்க் கணக்கில் படம் பயனற்றது, ஏனெனில் பிழை பார்வைக்கு அப்பால் குறியீட்டில் ஒளிந்திருந்தது. உரையை ஒட்டினால்தான் அது கூடவே பயணப்பட்டது. சுவரொட்டியில் உரை பயனற்றது, ஏனெனில் குறியீடு சரியாக இருந்தது, பிழை காட்சியில் இருந்தது. எனவே கேட்பதற்கு முன் நான் பார்த்துக்கொள்வது ஒன்றுதான்: நான் அனுப்புகிற பொருளோடு சேர்ந்து பிழையும் அங்கே போய்ச் சேருமா? ஐயம் இருந்தால் இரண்டையும் அனுப்பலாம். வாட்ஸப்பில் படம் சுருங்கி மங்கிவிடும் என்பதால், புள்ளியும் கொம்பும் தெரிய வேண்டிய படத்தை ஆவணமாக அனுப்புவது நல்லது. கைபேசியால் கோணலாக எடுத்த திரைப் படத்தை, தயவுசெய்து, எங்கேயும் அனுப்ப வேண்டாம்.

நினைவு வைத்துக்கொள்வதில் குழு மிக மோசம். 1024 பேர் வரை இருக்கக்கூடிய ஒரு குழுவில் மாதத்துக்கு நான்கு முறை கொம்பு உடைகிறது. நான்கு முறையும் அதே ஐந்து தவறான விடைகள் முதலில் வருகின்றன. சரியான விடை தெரிந்தவர் நான்காவது முறை சலித்துப்போய்ப் பேசாமல் இருந்துவிடுகிறார். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய உரையாடல் பொதுவாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், ‘ஆமாண்ணே’, ‘குட் மார்னிங்’, சித்திரைத் திருவிழா வாழ்த்துப் படம் இவற்றுக்கு நடுவில் அதைத் தேடி எடுக்க முடியாது. இதில் கேட்கிறவர்களின் பங்கும் உண்டு. ‘சரியாயிருச்சுண்ணே, நன்றி’ என்பதோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். எதனால் சரியானது என்ற ஒரு வரி இல்லாத நன்றியால் அடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. பொதுத்தளத்தில் கேள்வி கேட்டவர் சரியான விடையைத் தேர்ந்தெடுத்துக் குறியிட முடியும். தவறான விடையின் மதிப்பெண்ணைப் படிக்கிறவர்கள் குறைக்கவும் முடியும். குழுவில் மூத்தவர் சொன்னால் அதுதான் விடை. மூத்தவரை எல்லோர் முன்னிலையிலும், ‘அண்ணே, அது அப்படியில்லை’ என்று திருத்துவது நம் ஊர்ப் பழக்கம் அன்று. தனிச்செய்தியில்தான் சொல்வோம், குழுவில் தவறே நிற்கும்.

மொழியை எடுத்துக்கொண்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆங்கிலம் தவிர ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளிலும் உண்டு, தமிழில் இல்லை. பத்தாம் வகுப்போடு அச்சகத்துக்கு வந்து இருபது ஆண்டு அனுபவம் பெற்ற ஒருவர், தன் சிக்கலை ஆங்கிலத்தில் எழுதத் தயங்கிக் குழுவிலேயே நின்றுவிடுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அங்கே நல்ல ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, சொற்களைத் திருத்திவிடும் உரிமை மற்ற உறுப்பினர்களுக்கு உண்டு, உடைந்த ஆங்கிலத்தில் பதிப்பு எண்ணோடும் சிறு மாதிரியோடும் வந்த கேள்விக்கு, நயமான ஆங்கிலத்தில் வந்த தெளிவில்லாத கேள்வியைவிட நல்ல விடை கிடைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே மரியாதைச் சொற்களும் எடுபடுவதில்லை. ‘வணக்கம், நலமா, அவசரம், தயவுசெய்து’ என்பதையெல்லாம் நீக்கிவிடுவார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போகாதவர்தான் அங்கே நிலைக்கிறார்.

விடை சொல்கிறவராக இருக்கும்போது இரண்டு இடங்களிலும் என் எழுத்தே மாறிவிடுகிறது. குழுவில், ‘கம்போசரை மாத்து’ என்று இரண்டு சொற்கள் போதும். கேட்டவரின் கடையும் கணினியும் எனக்குத் தெரியும், புரியாவிட்டால் அவர் அழைப்பார். பொதுவில் அதே இரண்டு சொற்கள் வெறும் இரைச்சல். படிக்கப்போகிறவர் யார், எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார், எத்தனை ஆண்டு கழித்து வருகிறார் என்பது தெரியாது. ஆகவே எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பில் அது எங்கே இருந்தது, ஏன் அது வேலை செய்கிறது என்பதை எழுத வேண்டியிருக்கிறது. காரணம் எழுதப்படாத விடை, மென்பொருள் நிறுவனம் பட்டியலின் இடத்தை மாற்றிய நாளில் செத்துவிடும். காரணம் தெரிந்தவர் புதிய இடத்தைத் தானே தேடிக்கொள்வார்.

இரண்டிலும் ஒரே மாதிரி ஏமாற்றுகிற கேள்வி ஒன்று உண்டு. ‘யூனிகோட்டைப் பாமினியாக மாற்ற நல்ல கன்வர்ட்டர் எது?’ என்று ஒருவர் கேட்பார். கேள்வி தெளிவானது, விடையும் எளிது. ஆனால், ‘எதற்காக மாற்றுகிறீர்கள்?’ என்று கேட்டால், இன்டிசைனில் கொம்பு உடைகிறது, பாமினியில் உடையவில்லை, அதனால்தான் என்பார். அவர் தன் சிக்கலைக் கேட்காமல், தான் ஊகித்த தீர்வின் வழியைக் கேட்டிருக்கிறார். இதைக் கண்டுபிடிப்பதில் குழுவே மேல், ஏனெனில் அங்கே ‘எதுக்குப்பா?’ என்று கேட்பது இயல்பு. பொதுத்தளத்தில் கேட்ட கேள்விக்கு நான்கு கன்வர்ட்டர்களின் பெயர்கள் மளமளவென்று வந்துவிடும்.

இப்போது மூன்றாவதாகச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் போட்டிக்கு வந்திருக்கின்றன. நடு இரவிலும் தமிழிலேயே, சலிக்காமல் விடை சொல்கின்றன. கோபால் சிக்கலைப் போன்ற, காரணம் நன்கு எழுதப்பட்டவற்றில் தடுமாறுவது குறைவு. பட்டியலின் பெயர்களில்தான் இல்லாத ஒன்றை இருப்பதுபோலச் சொல்லிவிடுகின்றன, அதைத் திருத்த அருகில் ஆறாமவர் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அவற்றின் விடைகளை ஒட்டுவதைத் தடை செய்துவிட்டது.

என் வழக்கம் இப்படி ஆகியிருக்கிறது: சுவரொட்டி வாசலில் நின்றால் குழு, மறுநாள் காலையில், கடை திறந்த கையோடு, அந்தச் சிக்கலையும் தீர்வையும் பொதுத்தளத்தில் நானே கேள்வியும் விடையுமாக எழுதிவிடுகிறேன். அப்படிச் செய்வதற்கு அங்கே அனுமதி உண்டு. எழுதும்போது அழைப்பிதழையோ மொய்ப் பட்டியலையோ முழுதாகப் போடுவதில்லை, அதில் ஊரார் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். உடைந்த ஒரு சொல் போதும். அடுத்த முறை குழுவில் கொம்பு உடையும்போது இணைப்பை ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு வகைச் சிக்கலை மட்டும் இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோவதில்லை. திரையில் குங்குமமாகத் தெரிந்த சிவப்பு, ஃப்ளெக்ஸில் செங்கல்லாக வந்து நிற்கும்போது, அதை உரையாகவும் ஒட்ட முடியாது, படமெடுத்தால் கேமரா இன்னொரு சிவப்பைக் காட்டும், பார்க்கிறவர் திரை மூன்றாவது சிவப்பைக் காட்டும். அதற்கு மட்டும், வந்த பேனரின் ஓரத்தில் ஒரு சாண் கிழித்துச் சுருட்டிக்கொண்டு, அதை அச்சிட்டவரிடம் நேரில் காட்ட, சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.