கூலண்ட் ஃப்ளஷ் என்று பில், உள்ளே இருந்தது போர் தண்ணீர்

கோடைக்கு முன்னால் பழைய காருக்கு கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) மாற்றக் கொடுக்கப் போகிறீர்களா? வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

என்னுடையது 2004 மாடல் மாருதி 800. சேலத்தில் ஓரளவு பெரிய ஒர்க்‌ஷாப்பில்தான் விட்டேன். பழையதை முழுக்க அலசி வெளியேற்றும் ஃபுல் ஃப்ளஷ், புது கூலண்ட், லேபர் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். ரிசர்வ் டேங்க்கில் பச்சைப்பசேலென்று தெரிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் கூத்து. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தது. மைலேஜ் இறங்கியது. பச்சை நிறம் மெல்ல மெல்ல டீ நிறமானது.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஓரமெல்லாம் சிவப்பு சிலிகான் பேஸ்ட் பிதுங்கி நின்றது. போல்ட்டைக் கழற்றியவர், "தம்பி, உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லையே!" என்றார். இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டிச் சூடான பிறகுதான் அது திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும். அதைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும்.

அவர்கள் செய்த 'ஃப்ளஷ்' கீழ் ஹோஸைக் கழற்றி விட்டதோடு சரி. இன்ஜின் பிளாக்கில் இருந்த பழைய துருத் தண்ணீர் அப்படியே இருந்தது. அதன்மேல் போர் தண்ணீர், பெயருக்குக் கொஞ்சம் கூலண்ட். அந்த உப்புத் தண்ணீர் இன்ஜினின் அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டர் டியூபில் படிந்து அடைக்கும். அண்ணன் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினார். செங்கல் கரைத்ததுபோல் வந்துகொண்டே இருந்தது! பிறகு கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு உள்ளே சிக்கிய ஏரை எடுத்தார்.

நீங்கள் கொடுக்கும்போது கூலண்ட் கேனின் சீலை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள், காலி கேனைக் கேட்டு வாங்குங்கள். பழைய கூலண்டைத் தெருவில் கொட்டவும் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் கிட்னி போய்விடும். அந்த ஒர்க்‌ஷாப்பில் அதையும் சாக்கடையில்தான் விட்டிருக்கிறார்கள்.

பில்லோடு போய்க் கேட்டேன். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? எல்லா வண்டியிலயும் எடுத்துடுவோம்" என்றார் சூப்பர்வைசர், கொஞ்சமும் கூசாமல். கழற்றியதையாவது கொடுங்கள் என்றால், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்றாம். கூலண்ட் காசை மட்டும் திருப்பித் தந்தார்கள். லேபர் சார்ஜைத் தர முடியாதாம், 'வேலை பார்த்திருக்கோமே' என்கிறார்கள்.