கல்யாண வீட்டில் பார்க்க எந்த 'ஃபாதர் ஆஃப் தி பிரைட்'?

கோபிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். ராத்திரி எல்லோருமாகப் படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது, 'ஃபாதர் ஆஃப் தி பிரைட்' (மணப்பெண்ணின் அப்பா) என்ற ஹாலிவுட் படத்தில் 1950 படமா 1991 படமா என்று பேச்சு வந்தது. இரண்டுக்கும் எட்வர்ட் ஸ்ட்ரீட்டரின் ஒரே நாவல்தான் மூலம்.

நேரம்: பழையது ஒன்றரை மணி நேரம், புதியது கொஞ்சம் கூட.

பார்க்க: பழையது கறுப்பு வெள்ளை. புதியது கலர், சின்னப் பசங்க எழுந்து ஓடமாட்டார்கள்.

சிரிப்பு: இதில் புதியதுதான் ஒரு படி மேல். கல்யாணச் செலவில் நொந்துபோன அப்பாவாக வரும் ஸ்டீவ் மார்ட்டின், சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் கூடுதலாக இருக்கும் பன்னுக்குக் காசு தரமாட்டேன் என்று சண்டை போட்டு லாக்கப்பில் உட்காருகிறார். பந்திக்கு இலை எண்ணிப் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் புரியும்.

அப்பா: இங்கே எனக்குப் பழைய படத்தின் ஸ்பென்சர் டிரேசிதான். விருந்து முடிந்து அலங்கோலமாகக் கிடக்கும் வீட்டில், ஷூவைக் கழற்றிக்கொண்டே அவர் பேசத் தொடங்குவதுதான் முதல் காட்சி. கொங்குக் கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீரெல்லாம் முடித்துக் கிளம்பி, பெண்ணையும் அனுப்பிவிட்டு, பந்தல் பிரித்த வாசலில் தனியாக உட்காரும் நம்மூர் அப்பாக்களை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. மகளாக வருபவர் எலிசபெத் டெய்லர்.

சரி, மாமன் மச்சான் குழந்தைகள் என்று வீடு நிறைய ஆள் இருந்தால் 1991 படம் போடுங்கள். அப்பாவும் அம்மிணியும் (மகள்) மட்டும் உட்கார்ந்து பார்ப்பதென்றால் 1950.