லிவிங் வில்லா, நம் சார்பில் பேச ஓர் ஆளா?

கடைசிக்கால சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் கட்னர் 1969-இல் முன்வைத்த லிவிங் வில்: எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைப்பது. இன்னொன்று, நினைவு தப்பிவிட்டால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிப்பது. சாட்சி, கையெழுத்து, நகல் போன்ற சடங்குகள் இரண்டுக்கும் உண்டு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நான் என் தங்கையை நியமித்திருக்கிறேன்.

காரணம் ஒன்றுதான். தாளிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. ‘வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று சுலபமாக எழுதிவிடலாம். குணமாகக்கூடிய நிமோனியாவுக்கு நாலைந்து நாள் வைத்து எடுக்கிற வென்டிலேட்டரும், மூளை மீளாத நிலையில் மாதக்கணக்கில் ஓடுகிற வென்டிலேட்டரும் ஒன்றா? அந்த வரி இரண்டையும் சேர்த்தே தடுத்துவிடும். சரி, ‘மீள வாய்ப்பில்லை என்றால் வேண்டாம்’ என்று மாற்றி எழுதினால்? பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று டாக்டர் சொன்னால், அதை வாய்ப்பு என்பதா, இல்லை என்பதா? ஆள் இருந்தால், ‘மூன்று நாள் பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் எடுத்துவிடலாம்’ என்று பேசி முடிக்கலாம். ஐசியுவில் இப்படிக் கெடு வைத்து சிகிச்சை தருவது உண்டு.

இதற்கு எதிரான கணக்கும் இருக்கிறது. 2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, நோயாளி எதை விரும்புவார் என்பதை அவர் சார்பில் முடிவெடுப்பவர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம்தான். முன்பே பேசி வைத்திருந்தும் அது கூடவில்லையாம். தங்கையும் தப்பாக முடிவெடுக்கலாம். எடுக்கட்டும். என்றோ நான் எழுதியது எழுத்துப் பிசகாமல் நடப்பதைவிட, அன்றைய நிலைமையைப் பார்த்து ஒருவர் முடிவெடுப்பதே எனக்கு முக்கியம். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் லிவிங் வில் பக்கம் போவதுதான் நியாயம். நம்பி ஒப்படைக்க யாரும் இல்லாதவர்களுக்கும் அதுதான் வழி.

எதைத் தேர்ந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்கப் பெண் டெர்ரி ஷயாவோ 1990-இல் நினைவிழந்தபோது எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. உணவுக் குழாயை எடுப்பதா வேண்டாமா என்று கணவரும் பெற்றோரும் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் மோதினார்கள். 2005-இல்தான் அவர் இறந்தார்.

டிமென்ஷியா (மறதி நோய்) மாதிரி மெல்லத் தேயவைக்கும் நோயில் எது கைகொடுக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. அப்புறம், நகலை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். என்னுடையது தங்கையின் போனில் இருக்கிறது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒன்று.