உபுட் கிரிஸ் கடை: எல்லாம் ‘டிராகன்’ இல்லை ஐயா

பாலித் தீவில் உபுட் சந்தைக்குப் பின்பக்கச் சந்து. மரச்சிற்பக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது, கிரிஸ் என்கிற குத்துவாள் விற்கும் இந்தக் கடை. குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். நான் கோவையில் நகைப் பட்டறை வைத்திருப்பவன். குத்துவாளை ஆயுதமாகப் பார்ப்பதைவிட உளிவேலையாகத்தான் பார்ப்பேன்.

சரக்கு பரவாயில்லை, சீட்டுதான் மோசம். அலகில் எந்த விலங்கு இருந்தாலும் ‘டிராகன்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கல்லாப் பையனிடம் கேட்டுப் பயனில்லை. உள்ளே அரத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள். அலகைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

நாகத்தின் தலை பிடியை ஒட்டி, அலகின் அகன்ற அடிப்பகுதியில் இருக்கும். பெரும்பாலும் கிரீடம் உண்டு. உடம்பு அலகின் வளைவுகளோடு நெளிந்து நுனிப்பக்கம் ஓடும். (வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படைதான்.) சிங்கமோ அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்குச் சிறகு இருந்தால் சிங்க அம்பர ராஜா; வடக்கே சிங்கராஜா ஊரின் சின்னம் அதுதான். நம்மவர்கள் தடுமாறுவது கஜமீனத்தில். தும்பிக்கையைப் பார்த்ததும் யாளி என்போம். உடம்பைப் பாருங்கள்: துடுப்பும் மீன்வாலும் இருந்தால் கஜமீனம். பாலியில் சில குலத்தார் இறந்தவரை இந்த உருவத்தில் செய்த பேழையில் வைத்துத்தான் தகனம் செய்கிறார்கள்.

இன்னொன்று, பல கிரிஸ்களின் அடியில் கொக்கிபோல ஒரு சுருள் இருக்கும். அதையும் யானைத் தும்பிக்கை என்பார்கள். அது அலகின் வழக்கமான உறுப்பு. அதை வைத்து ‘யானைக் கிரிஸ்’ என்று விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது ஒரு நாகம். செதில்களைத் தனித்தனியாக உளியால் வெட்டியிருந்தார்கள். வளைவின் உள்பக்கம் செதில் சிறுத்து, வெளிப்பக்கம் விரிந்திருந்தது. தோல் மடிவதைக் கவனித்த கை அது. பக்கத்திலிருந்த மலிவான நாகத்துக்கு எல்லாச் செதிலும் ஒரே அளவு. தலை பித்தளை வார்ப்பு, தாடைக்கு அடியில் பற்றவைத்த தழும்பு அப்படியே தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே சீட்டு!

பிடிகளில் ராட்சசர், ராவணன், வாயு எல்லாம் உண்டு. கல் பதித்தவை பளபளப்பாக இருந்தாலும் வேலை சுமார்தான்.

பெரிய குறை, வயது. பாதிச் சரக்கு ‘200 வருடப் பழசு’ என்கிறார்கள். அதே மூச்சில் ‘நாளைக்கே ஊருக்கு எடுத்துப்போகலாம்’ என்கிறார்கள். இந்தோனேசியாவின் 2010 சட்டப்படி, பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட பொருளை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. அந்தப் பட்டியலில் சேர 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது தகுதிகளில் ஒன்று. நிஜமாகவே அவ்வளவு பழசென்றால் இவ்வளவு சுலபமாகக் கையில் கொடுப்பார்களா?

வாங்கும் எண்ணமிருந்தால் முதலில் அதே ஊரில் நெகா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். 1982-ல் திறந்தது, 2007-லிருந்து கிரிஸ்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நிறுவிய சுதேஜா நெகா, பாண்டே என்கிற கொல்லர் குலத்தவர். நல்ல வேலையைப் பார்த்துப் பழகிய கண்ணை இந்தக் கடையால் ஏமாற்ற முடியாது.

புதுச் சரக்கைப் புதுசென்றே கேட்டு வாங்குபவர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். கார்டு வாங்குவதில்லை. விமானத்தில் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.