புக்கிட் கூத்துவா, பைன் ட்ரீ ஹில்லா? ராசாவிலிருந்து ஒரு நாள் மலையேற்றம்

புக்கிட் கூத்து 1,053 மீட்டர். பிரேசர் மலையில் இருக்கும் பைன் ட்ரீ ஹில் 1,448 மீட்டர். எது கஷ்டம் என்று மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் ராசா ஊர்க் கடைத்தெருவில் கேட்டால் பெரிய எண்ணைத்தான் கைகாட்டுவார்கள். பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, “முதல்ல கூத்து, பழகினப்புறம் பைன் ட்ரீ” என்று அண்ணன்மார் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். என்னைக் கேட்டால் அதைத் தலைகீழாகச் சொல்வேன்.

உச்சி எவ்வளவு உயரம் என்பதைவிட, எங்கிருந்து ஏறத் தொடங்குகிறோம் என்பதுதான் காலுக்கு முக்கியம். கூத்துவுக்கு கம்போங் பெர்த்தாக்கிலிருந்து நடக்கிறோம். அது தாழ்ந்த இடம், அணைக்கட்டுத் தண்ணீரின் ஓரம். அங்கிருந்து உச்சிவரை எண்ணூறு மீட்டர் சொச்சம் மேலே போக வேண்டும், சமதரை அதிகம் கிடையாது. பைன் ட்ரீக்கோ கார் நம்மை 1,200 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

கூத்துவின் அழகு ஆற்றில் தொடங்குகிறது. ஆற்றைக் கடந்தால் மூங்கில் காடு, அதன்பின் வேர்கள் படிக்கட்டாகக் கிடக்கும் செங்குத்துப் பாதை. நடுவழியில் வீடு அளவுக்குப் பாறைகள் வரும், நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்க நல்ல இடம். மேலே போனால் காட்டுக்குள் தனியாக நிற்கும் ஒரு செங்கல் புகைபோக்கி. 1890களில் வெள்ளைக்காரன் குளிர்ச்சிக்காகப் பங்களா கட்டிய இடம் அது. ட்ரீச்சர் என்ற அதிகாரியின் பெயரை இந்த மலைக்கு வைத்திருந்தார்கள். பங்களா போய்விட்டது, கணப்படுப்பு மட்டும் பாசி பிடித்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் உச்சிப் பாறை, அதில் ஏணி. ஏணியைக் கையால் ஆட்டிப் பார்க்காமல் யாரும் காலை வைக்காதீர்கள்.

கூத்துவில் எனக்குப் பயம் உச்சியில் இல்லை, திரும்பி வரும்போது அதே ஆற்றைக் கடப்பதில்தான். இங்கே வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலை தழை மிதந்து வந்தால் கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வருகிறது என்று அர்த்தம். பக்கத்துச் சிலிங் ஆற்றுப் பக்கமும் இதே கதைதான். பிற்பகல் இடிமழை காலங்களில் மதியத்துக்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். உச்சி பத்து நிமிடத்தில் தெரிந்தாலும் சரி, நேரமாகிவிட்டால் திரும்பிவிடுங்கள். வனத்துறை அனுமதியையும் வழிகாட்டியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கேட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

பைன் ட்ரீக்கு வேறு விதமான கஷ்டம். முகட்டு மேலேயே போகும் பாதை, ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். போகும்போது சுகமாக இறங்கிய ஒவ்வொரு இறக்கமும் வரும்போது ஏற்றமாகிவிடும். கடைசிப் பகுதியில் கயிறு பிடித்து ஏற வேண்டும். ஆனால் குளிர் இருக்கிறது, வியர்வை குறைவு, ஆறு கிடையாது. முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பலாம். காலையில் சியாமாங் குரங்குகள் பள்ளத்தாக்கு முழுக்கக் கத்துவது கேட்கும். உயரம் ஏற ஏற மரங்கள் குட்டையாகி, கிளை எல்லாம் பாசி தொங்கும், ஓரத்தில் குடுவைச் செடிகள் காய்த்ததுபோல் கிடக்கும். பிரேசர் மலை போலீஸ் நிலையத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள்.

காலணி விஷயத்தில் இரண்டு மலைக்கும் ஒரே பதில். ரப்பர் பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, பட்டணத்துப் பிள்ளைகள் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கிண்டலாகச் சொல்வது. அடியில் முள்போல் குமிழ்கள் இருப்பதால் சேற்றில் வழுக்காது, ஆற்றில் இறங்கினால் தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் அடி மெல்லியது, கணுக்காலைத் தாங்காது. பைன் ட்ரீயின் வேர்ப்பாதையில் அதைப் போட்டவர்கள் மறுநாள் நொண்டுவதைப் பார்த்திருக்கிறேன். கணுக்காலில் வலி இருப்பவர்கள் மட்டும் வேறு சப்பாத்து பாருங்கள். அட்டைக்கடிக்கு எல்லாரும் உப்பு என்கிறார்கள். எனக்கு முழங்கால்வரை இழுத்த பந்து விளையாட்டுக் காலுறைதான் நம்பிக்கை.

ஏரி பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதற்கு மலையே ஏற வேண்டாம். கோல குபு பாருவிலிருந்து, பிரேசர் மலைக்குப் பிரியும் இடமான கேப் பக்கம் போகும் 55ஆம் எண் சாலை, சிலாங்கூர் அணையின் நீரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்குக் குடிநீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். இந்த நீருக்காகப் பெர்த்தாக், கெராச்சி கிராமங்களின் தெமுவான் பூர்வகுடி மக்களை இடம் மாற்றினார்கள். ஏரிக்கரையில் படம் எடுக்கிறவர்கள் அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது. பிரேசரில் ஆலன்ஸ் வாட்டர் என்று ஒரு குட்டைபோல ஒரு ஏரி உண்டு, அதைச் சிறுவர்களுக்காக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே 55ஆம் எண் சாலையில்தான் 1951 அக்டோபர் 6ஆம் தேதி மலாயாவின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார். வயதானவர்கள் வண்டியில் இருந்தால் கேப் வருவதற்குள் அந்தக் காலத்துக் கதை வந்துவிடும், வளைவுகளில் தலைசுற்றலை மறக்க அது உதவுகிறது.

மேகத்துக்கு மேலே, மரமே இல்லாமல் வெறும் பாறை தெரியும் அந்த உயர்மலைக் காட்சிதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். தீபகற்ப மலேசியாவில் அது கிடைக்காது. இங்கே உயரமான தஹான் மலையே 2,187 மீட்டர்தான். அதற்கு சபாவின் கினபாலு, 4,095 மீட்டர், இரண்டு நாள், விமானச் செலவு வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கான திட்டம் இல்லை.

செலவு என்று பார்த்தால் கூத்து பக்கம், பெட்ரோல் கொஞ்சம்தான். பிரேசருக்கு பஸ்ஸை நம்ப முடியாது. நாலு பேர் சேர்ந்து ஒரு கார் எடுத்தால் சமாளிக்கலாம்.

முதல் முறை போகும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளோடு என்றால் பைன் ட்ரீ, அதுவும் பாதி தூரம் போய்த் திரும்பினாலும் போதும். வாரத்தில் நாலு நாள் பந்து விளையாடுகிற பையன்கள், மழை வராத காலை, நல்ல வழிகாட்டி, மூன்றும் சேர்ந்தால் கூத்துவுக்கு விடியுமுன் வண்டியைக் கிளப்புங்கள். ராசாவில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தால் வெயில் ஏறிவிடும், கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.