சவுண்ட்பாரா, 5.1 செட்டா?

டிவி சத்தத்தை நன்றாக்கக் கையில் 40,000 ரூபாய் இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனசு ஆடும். சவுண்ட்பாரை, அதாவது நீளமான ஸ்பீக்கர் பெட்டியை, டிவிக்குக் கீழே வைத்து, டிவி சத்தத்தை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட்டில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. சவுண்ட்பாரில் 2.1 வேண்டாம், 3.1 பாருங்கள் (முதல் எண் ஒலி வரும் சேனல்கள்; .1 என்பது சப்வூஃபர், அதாவது அடித்தொனிக்கான ஸ்பீக்கர்). வசனத்துக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர் இருப்பதால், எங்கள் வீட்டில் மிக்சி ஓடும்போதும் அம்மாவுக்குப் பேச்சு புரிகிறது. சின்ன ஹாலுக்கு அதுவே தாராளம்.

ரிசீவரோடு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வரும் 5.1 செட்டில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். பின்பக்கம் வரை வயர் இழுக்க வேண்டும்; வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஓனர் லேசில் விடமாட்டார். ஆனால் படத்தில் மழை பெய்தால் முதுகுக்குப் பின்னாலும் பெய்யும். அந்தச் சுகத்தை 3.1 பார் தராது. அப்புறம், ஒரு ஸ்பீக்கர் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சொந்த வீடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.